உலகம்மாள் (எ) சாந்தி

ஜூன் 2, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து பகவதி போன் செய்தாள். ஆறாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்றுவிட்டது, கால் மட்டும் வீங்குகிறதாம். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு மலையாள நர்ஸ், தினமும் யாராவது ஒருவருக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதினால் மனசு லேசாகும் என்றாளாம். மகள் எழுத ஆரம்பித்துவிட்டாள். நானும் எழுத வேண்டுமாம். காலையில் எழுந்தால் மாவு மில், ராத்திரி படுத்தால் தலைமுடியெல்லாம் மாவு. எனக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

மில் பெல்ட் விற்கிற கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. இதுவரை அதில் இருந்தது ஒரே வரி: சீயக்காய்க்குப் பிறகு உடனே கோதுமை போடக் கூடாது.

போன தடவை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. அவள் அங்கே தனியாக அழுதாள், நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்டோபர் முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். "நீ பக்கத்துல இருந்தாப் போதும்மா" என்றாள். இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது.

நன்றி: அந்த நர்ஸுக்கு. பெயர் தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் காகிதங்களை இரண்டாகப் பிரித்து வைத்தாள். ஒரு பக்கம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அதில் நான் உலகம்மாள். மறுபக்கம் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை. அவற்றில் நான் சாந்தி. "இதுல யாரும்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

கதையைச் சொன்னேன். என் மாமியார் பெயரும் உலகம்மாள். தென்காசியில் அது கோயில் அம்மன் பெயர், தெருவுக்கு நாலு உலகம்மாள் இருப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் அத்தைக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. மருமகளை ஏச வேண்டும் என்றால் தன் பெயரைச் சொல்லித் தானே ஏச வேண்டும்? தெருவில் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அன்று சாயங்காலமே நான் சாந்தி ஆகிவிட்டேன். அந்தப் பெயரை வைத்தால் குணமும் சாந்தமாகிவிடும் என்று ஒரு கணக்கு வேறு. குணம் வரவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதையும் யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்காரருக்கு நான் "இந்தா", மகளுக்கு அம்மா, தெருவுக்கு மில்லுக்காரம்மா.

அந்தப் பெண் நன்றாகச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி வந்தால்தான் மேற்கொண்டு நகரும் என்றாள்.

நன்றி: சிரித்ததற்கு.

ஜூன் 14, வெள்ளி

வி.ஏ.ஓ. ஒரு பெண்தான். மகள் வயது இருக்கும், ஆனால் பேச்சில் வளவளப்பு இல்லை. கல்யாணப் பத்திரிகையைக் காட்டினேன், போட்டோவைக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்னு நான் எழுதணும்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கு உங்களைத் தெரியாதும்மா. உங்களைத் தெரிஞ்சவங்க சொல்லணும்."

உறவு இல்லாத ஆட்களாக இரண்டு பேர் வேண்டும். உலகம்மாளாகவும் தெரிந்திருக்க வேண்டும், சாந்தியாகவும் தெரிந்திருக்க வேண்டும். தலையாரியை அனுப்பித் தெருவிலும் விசாரிப்பார்களாம்.

முதல் ஆள் சுலபம். எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்த ஸ்டூடியோ அய்யம்பெருமாள் அண்ணாச்சி. போய் நின்றதுமே, "மாலை மாத்தும்போது தும்முன பொண்ணுல்லா?" என்று கேட்டார். முப்பத்து மூன்று வருஷமாகிறது. நான் தும்மியது எனக்கே ஞாபகம் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது ஆளுக்கு ராத்திரி சாப்பிடும்போது விரல் விட்டு எண்ணினேன். அப்பா அம்மா போய்விட்டார்கள். படித்த பள்ளிக்கூடத்தில் அப்போது இருந்தவர்கள் ஒருவரும் இல்லை. எத்தனை தடவை எண்ணினாலும் ஒரே விரலில்தான் வந்து நிற்கிறது. அந்த விரலை மடக்கி வைத்துவிட்டேன்.

நன்றி: அண்ணாச்சிக்கு. தும்மலுக்கும்.

ஜூன் 20, வியாழன்

நாள் முழுக்க மிளகாய் வற்றல் அரைப்பு. கண் எரிகிறது.

ஜூன் 24, திங்கள்

சொர்ணம் மில்லுக்கு வந்தாள். பக்கத்துத் தெருதான். அவளுக்கும் எனக்கும் பத்தொன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் இலஞ்சி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எனக்கு ஒரு வருஷம் முன்னால் அவள் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

பேசுவதில்லை என்றாலும் வேலை நடக்க வேண்டுமே, இந்தப் பக்கம் வேறு மில் கிடையாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, வத்தல நைசா அரைக்கச் சொல்லுங்க" என்பாள். அவரும் நானும் ஒரு முழ தூரத்தில்தான் நிற்போம். நான் அவரைப் பார்த்து, "ஈரம் இருக்கு, காய வச்சுக் கொண்டாரச் சொல்லுங்க" என்பேன். அவர் இரண்டு பேருக்கும் நடுவில் கரண்டுக் கம்பம் மாதிரி நிற்பார். ஒரு வார்த்தைகூட அவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி, அவள் பேத்திக்குக் காது குத்தியதைப் பற்றி எல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரியும். பகவதி உண்டாகியிருப்பதும் அவளுக்கு இப்படித்தான் தெரியும். இன்றைக்கு, "மஸ்கட்டுல புள்ளைக்குக் கால் வீக்கம் எப்படி இருக்காம் அண்ணாச்சி?" என்று கேட்டாள். பரவாயில்லை என்று நான் அவரிடம் சொன்னேன்.

சண்டை பெரிதாக ஒன்றும் இல்லை, குழாயடிச் சண்டை. அவள் ரோஷக்காரி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் ஊரில் நிற்காமல் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை, நடுரோட்டில் நின்று மறித்தவள். அவளிடம் போய் நான் கையெழுத்துக்கு நிற்க முடியாது.

அவள் வற்றலை இரண்டு தடவை சலித்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரு தடவைதான். அரைபடாத கப்பி கிடந்தால் குறை சொல்வாள் என்பதற்காக.

நன்றி: வீட்டுக்காரருக்கு. கால் வலிக்க நிற்கிறார்.

ஜூலை 2, செவ்வாய்

வி.ஏ.ஓ. கூப்பிட்டு அனுப்பினார். தலையாரி விசாரித்து எழுதியதை அவரே வாசித்துக் காட்டினார்.

தலையாரி எங்கள் தெருவுக்கு வந்து, உலகம்மாள் என்பவர் யார் என்று கேட்டிருக்கிறார். எதிர்வீடு, மேல்வீடு, பால்காரர், எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள்: மில் வீட்டு உலகம்மாள் பாவம், நல்ல மனுஷி, இறந்து பதிமூன்று வருஷம் ஆகிறது. அத்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தெருவுக்குத் தெரிந்த உலகம்மாள் அவர்கள் ஒருவர்தானே. அதோடு விட்டாரா? இலஞ்சியிலிருந்து வந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டுச் சொர்ணம் வீட்டுக்கும் போயிருக்கிறார். மில்லுக்காரம்மா சாந்தியைத் தெரியுமா என்று கேட்டதற்கு, "சாந்தின்னு எனக்கு யாரையும் தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம்.

ஆக, எழுத்துப்படி உலகம்மாள் காலமாகிவிட்டாள். சாந்தி யாரென்று தெரியவில்லை. வி.ஏ.ஓ.வுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நேர்ல ஒரு ஆள் வந்து சொன்னா மாத்தி எழுதலாம்மா" என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, செத்துப்போன ஆளுக்கு இப்படிக் கால் வலிக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

நன்றி எழுத ஆள் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

பகவதிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறார். அதுவரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். "பேப்பர் என்னாச்சும்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆகிக்கொண்டிருக்கிறது என்று பொய் சொன்னேன்.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் மில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே பேசினார். "சொர்ணத்துட்ட போய்க் கேளு. அந்தப் புள்ள பேருல தப்பு இல்ல." பத்தொன்பது வருஷமாக நடுவில் நின்றவர் சொன்ன முதல் கருத்து இது. எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பு இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறதே என்ற கோபம்.

டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? நடந்தது இதுதான். குழாயடியில் என் முறை வந்தும் நான் குடத்தை வைக்காமல் யாரிடமோ வாயடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து சொர்ணம், "ஏட்டி உலகு, கழுத, வாயப் பாத்தது போதும், கொடத்த வையி" என்று கத்தினாள். அவள் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள். அன்றைக்கு அத்தை வாசலில் நின்றிருந்தார்கள். தன்னைத்தான் கழுதை என்றாள் என்று எடுத்துக்கொண்டு, தெருவே கூடும்படி ஏசினார்கள். சொர்ணம் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும். "என்னைத்தான் அத்தை சொன்னா, என் பேருதானே அது" என்றால் போதும்.

நான் என்ன சொன்னேன்? "இந்த வீட்டுல அந்தப் பேருல வேற யாரும் கெடயாது. என் பேரு சாந்தி" என்றேன். அத்தை முன்னால் நல்ல பேர் வாங்குவதற்காக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

சொர்ணம் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "அப்படியா? சாந்தின்னு எனக்கு யாரையும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்றுவரை அந்தச் சொல்லில் நிற்கிறாள். தலையாரியிடம் அவள் சொன்னது பழிவாங்கல் இல்லை. நான் கொடுத்த வார்த்தையைத்தான் அவள் காப்பாற்றியிருக்கிறாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அத்தை கடைசி நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தார்கள். ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது என் கையைப் பிடித்து, "உம் பேரு என் பேருதானட்டி" என்றார்கள். எல்லாம் மறந்தும் அது மறக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது போல. சாந்தி என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் என்னை ஏசியதில்லை. மில்லில் மழுங்கிய கல்லைக் கொத்துவது முதல் எல்லாம் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான்.

நன்றி: அத்தைக்கு. வீட்டுக்காரருக்கும், அந்த ஒரு வாக்கியத்துக்கு.

ஜூலை 7, ஞாயிறு

போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பழம் வாங்கிக்கொண்டு போனால் காரியத்துக்கு வந்தவள் என்று நினைப்பாள். காரியத்துக்குத்தான் போனேன், இருந்தாலும்.

சொர்ணம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி மருமகளிடம், "யாரோ வந்திருக்காவ, என்ன வேணும்னு கேளு" என்றாள். மருமகள் வந்து என்னைப் பார்த்தது. நானும் வழக்கம்போல அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பேன், அதுதானே எங்களுக்குப் பழக்கம். வாய் வரைக்கும் வந்தது. இதை நடுவில் ஆள் வைத்துச் சொல்லக் கூடாது என்று பட்டது.

"சொர்ணம், நான் உலகு வந்திருக்கேன்" என்றேன்.

அவள் கை நின்றது. அந்தப் பெயரை என் வாயால் சொல்லி எத்தனை காலமோ, எனக்கே வேறு யாரையோ சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்குக் குழாயடியில் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொன்னேன். அது என் பெயர்தான், உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். பாஸ்போர்ட்டைப் பற்றிச் சொல்ல வந்ததே மறந்துபோனது. அழக் கூடாது என்று போயிருந்தேன், அழுதுவிட்டேன்.

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "ஒக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். "என் வத்தல மட்டும் ஏன் ரெண்டு மட்டம் சலிக்க? நான் கேட்டனா?" என்றாள்.

தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. பிறகு முறத்தை எனக்கும் அவளுக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள். மீதிக் கீரையை இரண்டு பேரும் சேர்ந்து உருவினோம். என்னென்ன பேசினோம் என்று எழுத இந்த டைரி போதாது. கிளம்பும்போதுதான் மஸ்கட் விஷயத்தைச் சொன்னேன். என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

நன்றி: சொர்ணத்துக்கு, சொர்ணத்துக்கு, சொர்ணத்துக்கு.

ஜூலை 10, புதன்

கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை, வேர்த்து ஊற்றியது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"தலையாரி கேட்டப்ப சாந்தியைத் தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்களேம்மா?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

"அன்னைக்குத் தெரியாது. போன ஞாயித்துக்கிழமதான் வந்து பேசினா" என்றாள்.

அதற்கப்புறம் நிறுத்தவில்லை. நான் எந்த வீட்டில் பிறந்தேன், என் தாடையில் இருக்கிற தழும்பு எந்தப் படியில் விழுந்தது, பேச்சுப் போட்டியில் எந்த வரியில் திக்கி நின்றேன், கல்யாணத்துக்கு முந்தின நாள் எதற்கு அழுதேன், எல்லாம் சொன்னாள். வி.ஏ.ஓ. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும்தான். எனக்குத் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பது போல இருந்தது.

பஸ் கதைக்கு வந்தாள். "எங்க ஊருல பஸ்ஸு நிக்காதும்மா. நாங்க தெனமும் நடந்து போவோம். ஒருநா இவ நடுரோட்டுல போயி நின்னுட்டா. டிரைவரு ஆரன் அடிக்கான், இவ நகரல. அன்னைலேருந்து அந்த பஸ்ஸு எங்க ஊருல நின்னுது."

நான் இடையில் பேசினேன். பஸ்ஸை மறித்தது நான் இல்லை, நீதான் என்றேன்.

சொர்ணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நானா? நான் ஒம் பின்னால ஒளிஞ்சுல்லா நின்னேன். ஒன் பாவாடையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஞாபகம் இல்லையா? ஒன்னப் பாத்துதானட்டி நான் தைரியத்தையே கத்துக்கிட்டேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சொன்ன பிறகு, பின்னால் யாரோ பாவாடையை இழுத்துப் பிடித்திருந்தது மட்டும் லேசாகத் தெரிகிறது. இத்தனை காலமும் நான் பயந்தவள், அவள்தான் துணிந்தவள் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். குழாயடியில் பயந்ததைக்கூட, என் சுபாவமே அதுதானே என்று சொல்லி மன்னித்துக்கொண்டேன். அது என் சுபாவம் இல்லையாம். என்னைப் பற்றிய இந்தச் செய்தி அவளிடம்தான் இருந்திருக்கிறது. நான் பேசாமல் போனதால் அது என் கைக்கு வரவே இல்லை.

வி.ஏ.ஓ. எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். உலகம்மாள் (எ) சாந்தி, இருவரும் ஒரே நபர். அந்த அடைப்புக்குள் இருக்கிற ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்து மூன்று வருஷம் அதற்குள் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று சண்டை போட்டாள். விட்டுக்கொடுத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

சொர்ணம் கோதுமை கொண்டுவந்தாள். பழக்கதோஷத்தில், "அண்ணாச்சி, ரவையா ஒடைக்கச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "எனக்கு இனி வேல இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆதாரில் பெயரை உலகம்மாள் என்று மாற்றி, போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போய், இன்றைக்குப் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. போலீஸ்காரர் கேட்டபோது இந்தத் தடவை தெரு மொத்தமும் பாடம் சொன்ன மாதிரி சொல்லியிருக்கிறது: உலகம்மாள் மில்லுக்காரம்மா, உயிரோடுதான் இருக்கிறார். சொர்ணம் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறாள். பால்காரர் இப்போதெல்லாம், "உலகம்மாக்கா, பாலு" என்கிறார். முதல் இரண்டு நாள் நான் வெளியே வரவில்லை. அத்தையைக் கூப்பிடுகிறார் என்று இருந்துவிட்டேன்.

நன்றி: தெருவுக்கு. எனக்கு உயிர் கொடுத்ததற்கு.

செப்டம்பர் 6, வெள்ளி

இதை விமானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெல்ட் போட்டிருக்கிறேன். மில் பெல்ட்டைவிட மெல்லிசு, இது எப்படித் தாங்கும் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் திருவனந்தபுரம் வரை வந்து வாசலில் விட்டுப் போனார். பகவதி நேற்றிலிருந்து தூங்கவில்லையாம், மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வருகிறார். உள்ளே வந்து சோதனையெல்லாம் முடிந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். சொர்ணத்துக்குப் போன் போட்டேன். முருங்கைப்பொடியைப் பெட்டியில் வைத்தேனா, பிள்ளைக்குக் கால் வீக்கத்துக்கு என்ன கொடுக்க வேண்டும், மில்லில் கல்லைக் கொத்த யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேசப் பேசப் பயம் விட்டுப் போனது. சுற்றி ஒலிபெருக்கியில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டதையும் கவனிக்கவில்லை.

போனில் சொர்ணம் சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

"சத்தம் போடாத. அங்க என்னமோ சொல்லுதாவ."

"யாரையோ கூப்புடுதாவ" என்றேன்.

"யாரையோ இல்லட்டி. உலகு, ஒன்னத்தான் கூப்புடுதாவ. எந்திரி."

எழுந்தேன்.